கையில் இருப்பது வேறு, உரிமை வேறு: குடும்பத்தில் ஒருவர் மறைந்தபின் சொத்து விவகாரங்களை முடிப்பது எப்படி

அப்பா காலமான இருபத்திரண்டாம் நாள் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த தாள்களைத் தரையில் பரப்பினோம். வீட்டின் கிரயப் பத்திரத்தில் அவர் பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியல்கள். பட்டாவில் ஒன்று. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருந்தது. வங்கிப் பாஸ்புத்தகத்தில் இனிஷியலே இல்லை. ஒரே மனிதர் நான்கு ஆட்களாகக் கிடந்தார். அந்த நால்வரையும் ஒருவராக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று.

அந்த ஏழு மாத அலைச்சலில் ஒன்று புரிந்தது. வாரிசுச் சான்றிதழ், நாமினி, பட்டா, உயில் ஆகிய நான்கையும் மக்கள் ஒரே பொருளில் பேசுகிறார்கள். ஆயுள் காப்பீட்டு நாமினி போன்ற ஓரிரு விலக்கு தவிர, இந்த நான்கில் எதுவும் கையில் இருப்பதாலேயே ஒருவர் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். உயிலையும் மெய்ப்பிக்க வேண்டும். பணம் யார் கைக்கு வருகிறது என்பது ஒரு கேள்வி, அது யாருக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி. அண்ணன் தம்பி வழக்குகளில் பல இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தவைதான். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்காக, வேலை நடக்கவேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: இறப்புச் சான்றிதழ்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்திருந்தால் தகவல் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. வீட்டில் இறந்திருந்தால் குடும்பத்தார் பொறுப்பு. 30 நாளைத் தாண்டினால் தானே சான்றொப்பமிட்ட ஆவணமும் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் ஆணை இல்லாமல் பதிவு நடக்காது.

பதிவின்போது சொல்லப்படும் பெயர்தான் இனிமேல் எல்லா இடத்துக்கும் மூலம். துக்கத்தில் இருப்பவர்களிடம் படிவத்தைக் கொடுத்தால் வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவர் ஆதாரையும் கிரயப் பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். தந்தை பெயர், கணவர் அல்லது மனைவி பெயர், முகவரி எல்லாமே. பிழை இருந்தால் அன்றே திருத்துங்கள். ஏற்கெனவே ஆவணங்களில் பெயர் மாறிக் கிடந்தால், இவை எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதை ஐந்தாவது மாதத்தில்தான் செய்தோம். முதல் மாதத்திலேயே செய்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: எதையும் நகர்த்தாமல் பட்டியல் எடுப்பது

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வங்கிக் கணக்குகள், வைப்புத்தொகை ரசீதுகள், அஞ்சலகச் சேமிப்பு, காப்பீடு, பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட், வருங்கால வைப்பு நிதி, லாக்கர், நகை, வாகனம், நிலம், வீடு, கொடுத்த கடன், வாங்கிய கடன் என்று எழுதுங்கள். பெட்டியில் கிடைக்காதவை பாஸ்புத்தகத்தில் தெரியும். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் போகும் ஒரு தொகை பெரும்பாலும் காப்பீட்டு பிரீமியமாக இருக்கும். பத்தாண்டுகளாக யாரும் தொடாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டிருக்கும். அவற்றைத் தேட உத்கம் என்ற இணையதளம் இருக்கிறது. அங்கே போய்விட்ட பணத்தையும் வாரிசுகள் தங்கள் வங்கி வழியாகவே திரும்பப் பெறலாம்.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாதவை இரண்டு. இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுக்காதீர்கள். செலவு நியாயமானதாகவே இருக்கலாம், ஆனால் நாளைக்கு இன்னொரு வாரிசு கணக்குக் கேட்டால் பதில் சொல்வது கடினம். அடுத்து, இறந்தவர் யாருக்காவது பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தால் அது அவருடைய உயிரோடு முடிந்துவிட்டது. அதை வைத்து இனி விற்பதோ கையெழுத்துப் போடுவதோ செல்லாது.

மூன்றாம் படி: உயில் இருக்கிறதா?

பெட்டி, லாக்கர், குடும்ப வழக்கறிஞர், பத்திர எழுத்தர் என்று எல்லா இடத்திலும் கேளுங்கள். பதிவு செய்யப்பட்ட உயில் வில்லங்கச் சான்றில் வராது. அது சார்பதிவாளர் அலுவலகத்தில் தனிப் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகல் அவருக்கு மட்டுமே கிடைக்கும். இறந்தபின் இறப்புச் சான்றிதழைக் காட்டி விண்ணப்பித்துப் பெறலாம். "வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், உயில் எதுவும் இல்லை" என்று பலர் சொல்வது இந்தக் காரணத்தால் தவறாகிவிடுகிறது.

நான்காம் படி: வாரிசுச் சான்றிதழ்

இறந்தவர் வழக்கமாக வசித்த பகுதியின் வட்டாட்சியர் இதைத் தருகிறார். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவார்கள். விசாரணைக்கு வரும்போது எல்லா வாரிசுகளின் ஆதார் நகல்களும் குடும்ப அட்டையும் தயாராக இருக்கட்டும்.

இதில் யார் பெயரையும் விடாதீர்கள். திருமணமாகிப் போன அக்கா, வெளிநாட்டில் இருக்கும் தம்பி, பேச்சு வார்த்தை இல்லாத மகன் என எல்லோரும் இடம்பெற வேண்டும். "அவள்தான் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே" என்று ஒரு பெயரை விட்டால், பின்னால் அந்தச் சான்றிதழே ரத்தாகலாம். அதை நம்பி எழுதிய பத்திரமும் கேள்விக்குள்ளாகும். வேண்டாம் என்பவர் பிறகு விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதிக் கொடுக்கலாம். சான்றிதழில் அவர் பெயர் இருந்தால்தான் அந்த விடுதலைக்கே அர்த்தம் உண்டு.

இந்தச் சான்றிதழ் ஆட்களைப் பட்டியலிடுகிறது, பங்கைச் சொல்வதில்லை. பங்கைச் சொல்வது சட்டம்.

ஐந்தாம் படி: உயில் இல்லை என்றால் யாருக்கு எவ்வளவு?

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் ஒரே நேரத்தில் சமமாகப் பெறுகிறார்கள். மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் அவர்கள். தந்தை முதல் வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். முன்பே இறந்துபோன மகன் அல்லது மகளின் கிளைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒருவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், வயதான தாய் என்று வைத்துக்கொள்வோம். சொத்து ஐந்து சம பங்கு. அந்தத் தாயின் பங்கைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. பாட்டிக்கு எதற்கு, அவரைத்தான் நாம் பார்த்துக்கொள்கிறோமே என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாட்டியும் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது. அதாவது, இறந்தவரின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளும் இந்த வீட்டில் பங்காளிகள் ஆகிவிடுகிறார்கள். வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் இதைத்தான் முதலில் கேட்பார். பாட்டி இருக்கும்போதே உட்கார்ந்து பேசி, அவர் மனமுவந்து என்ன செய்ய விரும்புகிறாரோ அதைப் பத்திரமாகப் பதிவு செய்வதுதான் முறை.

மகள்களைப் பற்றி இன்னும் தயக்கத்தோடு பேசுபவர்களுக்குத் தெளிவாகச் சொல்கிறேன். தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கு 1956 முதலே சம பங்கு உண்டு. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில், தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அதற்குமுன் திருமணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமை தந்தது. 2005 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் திருமண வேறுபாட்டையும் நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளை மட்டும் இது தொடாது. சீர் செய்தோம், நகை போட்டோம் என்பது பங்கை மறுக்கக் காரணம் ஆகாது.

இந்துப் பெண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் விதி வேறு. முதலில் பிள்ளைகளும் கணவரும். இவர்கள் யாரும் இல்லையென்றால், அவர் தன் உழைப்பில் சேர்த்த சொத்து அவரைப் பெற்றவர்களுக்குப் போகாமல் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்தது மட்டும் தந்தை வழிக்குத் திரும்பும். சம்பாதிக்கும் பெண்கள், குறிப்பாகப் பிள்ளைகள் இல்லாதவர்கள், இந்த ஒரு காரணத்துக்காகவாவது உயில் எழுத வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கிறிஸ்தவர்களுக்கு 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. இஸ்லாமியர்களுக்கு ஷரியத் பங்குகள் உண்டு. கடனும் அடக்கச் செலவும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

வாரிசுகளில் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை இருந்தால் மிகுந்த கவனம் தேவை. அந்தப் பிள்ளையின் தனிப்பட்ட பங்கைத் தாயோ தந்தையோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. செய்தால், மேஜரான பிறகு அதை அந்தப் பிள்ளை ரத்து செய்யக் கோரலாம்.

ஆறாம் படி: வங்கியும் நாமினியும்

நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள அதிகாரம் பெற்றவர். வங்கி அவரிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு முடிந்தது, வாரிசுகளின் உரிமை முடியவில்லை. பங்குச் சந்தைப் பங்குகளுக்கும் இதுவே விதி என்று உச்சநீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு வேறுபாடு இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது.

நாமினி இருந்தால் உரிமைகோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், அடையாளச் சான்று போதும். நாமினி இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வங்கிக்கு நட்டம் வந்தால் ஈடுகட்டுவோம் என்ற உறுதி), மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவை கேட்கப்படும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலும், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையிலும், தகராறு இல்லாத நிலையில் இந்த எளிய வழியிலேயே முடிக்கலாம். எல்லா ஆவணமும் கொடுத்த 15 நாளுக்குள் வங்கி தீர்வு காண வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுத்துமூலமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். "நாளைக்கு வாருங்கள்" என்ற பதிலுக்கு முத்திரை பதித்த அந்த நகல்தான் மருந்து.

அதற்குமேல் தொகை இருந்தாலோ வாரிசுகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தாலோ நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் பெற வேண்டிவரலாம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இதை வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழோடு குழப்பிக்கொள்வார்கள். இது நீதிமன்றம் தருவது. வைப்புத்தொகை, கடன் பத்திரம், பங்கு போன்றவற்றுக்கு மட்டுமே உரியது. நிலத்துக்கும் வீட்டுக்கும் பயன்படாது.

இறந்தவர் பணியில் இருக்கும்போதே காலமாகியிருந்தால், வருங்கால வைப்பு நிதியோடு ஓய்வூதியத்தையும், அதனுடன் இணைந்த காப்பீட்டையும் கேட்க மறக்காதீர்கள். அந்தக் காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தொழிலாளி பிரீமியம் கட்டாததால், அப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது.

ஏழாம் படி: உயில் இருந்தால் புரொபேட்

உயில் கையில் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அது உண்மையானது என்று மெய்ப்பிக்க முடிய வேண்டும். சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவர் வந்து சொல்ல வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். பதிவு செய்த உயிலுக்கும் இது பொருந்தும்.

உயிலை நீதிமன்றம் ஆராய்ந்து உண்மை என்று முத்திரையிட்டுத் தருவதே புரொபேட். சென்னை உயர்நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் எழுதப்பட்ட இந்துக்களின் உயில்களுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் மனைகளுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213 ஆம் பிரிவு நெடுங்காலம் இதைக் கட்டாயமாக்கியிருந்தது. மதுரையில் தேவைப்படாத ஒன்று மயிலாப்பூர் வீட்டுக்குத் தேவைப்பட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. கட்டாயம் போய்விட்டது, ஆனால் புரொபேட் பெறும் வழி அப்படியே இருக்கிறது. அதற்கு முன் நடந்த இறப்புகளுக்கும் நிலுவை வழக்குகளுக்கும் உங்கள் வழக்கறிஞரிடம் தேதிகளைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டாயம் இல்லாவிட்டாலும் எப்போது பெறுவது நல்லது? ஒரு வாரிசை முழுவதும் ஒதுக்கி எழுதிய உயில், உயிலில் திருத்தங்கள் இருப்பது, சாட்சிகள் முதியவர்களாக இருப்பது, சொத்தை விரைவில் விற்கப் போவது ஆகிய நிலைகளில் புரொபேட் பெறுவதே என் பார்வையில் சரி. சாட்சி இருக்கும்போது மெய்ப்பிப்பது எளிது. அவர் போனபின் கையெழுத்தை மட்டும் வைத்துப் போராட வேண்டும்.

உயிலில் நிறைவேற்றுநர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தால் அவர்தான் மனு போட வேண்டும். நியமனம் இல்லையென்றால் பயனாளிகள் உயிலை இணைத்து நிர்வாக உரிமை ஆணை கேட்பார்கள். மற்ற வாரிசுகளுக்கு அறிவிப்புப் போகும், நாளிதழில் விளம்பரம் வரும். யாரும் மறுக்காவிட்டால் ஆணை கிடைக்கும். யாராவது கேவியட் (எதிர்ப்பு மனு) போட்டு எதிர்த்தால் மனு வழக்காக மாறி, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை என்று நீளும். சம்மதிக்கும் வாரிசுகளிடம் முன்கூட்டியே சம்மத உறுதிமொழி வாங்கித் தாக்கல் செய்தால் பல மாதங்கள் மிச்சம்.

எட்டாம் படி: வீடும் நிலமும்

பட்டா வருவாய்த்துறையின் பதிவேடு. அது வரி யார் பெயரில் என்பதைச் சொல்லும், உரிமையை உருவாக்காது. "பட்டா என் பெயரில்தான் இருக்கிறது" என்று மூத்த மகன் சொல்வதால் தங்கையின் பங்கு மறைந்துவிடாது. அப்படியானால் பட்டாவை விட்டுவிடலாமா என்றால், கூடாது. முதலில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றுங்கள். சொத்து வரியும் மின் இணைப்பும் கூடவே மாறட்டும்.

பிரித்துக்கொள்ள முடிவானால் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒருவர் தன் பங்கை இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம். 2023 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி குடும்பத்தாருக்குள் எழுதும் இவற்றுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. பாகப்பிரிவினையில் இந்த உச்சவரம்பு ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி. இந்தச் செலவை மிச்சப்படுத்த, வெள்ளைத் தாளில் கூர்ச்சீட்டு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைப்பது ஊரில் பழக்கம். அப்பாக்கள் காலத்தில் அது ஓடியது. பதிவில்லாத அந்தச் சீட்டை வைத்து இன்று வங்கியில் கடன் வாங்கவும் முடியாது, தனிப் பட்டா கேட்கவும் முடியாது. நிலமாக இருந்தால் எல்லைகளைக் காட்டும் வரைபடத்தையும் பத்திரத்தோடு இணைத்துவிடுங்கள். வாய்க்கால் யாருக்கு, கிணற்றில் எத்தனை நாள் முறை, பாதை எங்கே என்பதை எழுதாமல் விட்டால் அடுத்த தலைமுறை அந்தப் பாதையில்தான் நின்று சண்டை போடும்.

வாகனம் இருந்தால் 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

கடனும் வரியும்

இறந்தவரின் கடனுக்கு, அவரிடமிருந்து பெற்ற சொத்தின் மதிப்பளவுக்கே வாரிசு பொறுப்பு. நீங்கள் ஜாமீனாகவோ கூட்டுக் கடனாளியாகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அது உங்கள் தனிப் பொறுப்பு. வசூலுக்கு வருபவர் மிரட்டினால் கடன் பத்திர நகலை எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கடனோடு காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் மரபுரிமை வரி 1985 இல் நீக்கப்பட்டது. ஆனால் இறந்தவர் அந்த நிதியாண்டில் ஈட்டிய வருமானத்துக்குச் சட்டப்படியான பிரதிநிதியாக ஒருவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

இனி, உங்கள் உயில்

மேலே உள்ள அத்தனை அலைச்சலையும் பாதியாகக் குறைப்பது ஒரு நல்ல உயில். அதற்கு முத்திரைத் தாள் தேவையில்லை. வெள்ளைத் தாள் போதும், தமிழில் எழுதலாம், பதிவும் கட்டாயமில்லை. நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்துவிட்டு உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்பதே என் யோசனை. சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாகவும், உயிலால் பயன் பெறாதவர்களாகவும் இருக்கட்டும். வயது எழுபதைத் தாண்டியிருந்தால் அதே நாளில் மருத்துவரிடம் தெளிந்த மனநிலைச் சான்று வாங்கி இணைப்பது பின்னால் வரும் பெரிய வாதத்தை அடைத்துவிடும்.

"என் சொத்துகளை என் பிள்ளைகள் ஒற்றுமையாக அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று மட்டும் எழுதாதீர்கள். சர்வே எண், கதவு எண், பத்திர எண், கணக்கு எண் எல்லாம் வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் ஆள் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் அந்தப் பங்கு யாருக்கு என்பதையும் எழுதுங்கள். மனைவிக்கு ஆயுள்வரை அனுபவ உரிமை மட்டுமா, முழு உரிமையா என்பதில் மயக்கம் வைக்காதீர்கள். ஒருவருக்குக் குறைவாக எழுதினால் ஏன் என்று இரண்டு வரி காரணம் எழுதுங்கள். நீதிபதி அந்த வரிகளைப் படிப்பார், உங்கள் பிள்ளையும் படிப்பார். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும்.

உயிருள்ளபோதே பிள்ளைக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒன்று. செட்டில்மெண்ட் அன்றே நடைமுறைக்கு வருகிறது, பின்னர் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அது இருந்தால், பிள்ளை கைவிட்டபோது 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவில் தீர்ப்பாயத்தை அணுகிப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

அப்பாவின் காரியங்கள் முடிந்த மாதத்தில் அம்மா தன் உயிலை எழுதினார். பக்கத்து வீட்டு ஆசிரியையும் அவர் மகளும் சாட்சி. அசல் லாக்கரில் இருக்கிறது, நகல் அப்பாவின் அதே இரும்புப் பெட்டியில். பெட்டிச் சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால் தொங்குகிறது என்று அம்மா எங்கள் மூவரையும் நிற்க வைத்துக் காட்டினார்.